டிரில்லின் மேல் போடும் பழி

ஒன்டாரியோவில் ஏரிகள் உறையத் தொடங்கும் நாட்களில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனால் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும். ஐஸ் மீன்பிடிப்புக்குப் புதிதாக வந்த ஒருவர், வீட்டில் நல்ல பேட்டரி டிரில் இருக்கிறது, அதில் ஆகரை மாட்டித் துளை போடலாமா என்று கேட்பார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி தீர்ப்பைச் சொல்லிவிடுவார். டிரில் மரவேலைக்கு உள்ளது. நாலு துளையில் மோட்டார் கருகும். குளிரில் பேட்டரி படுத்துவிடும். பிளேடு சிக்கினால் மணிக்கட்டு போய்விடும். ஒழுங்காக மீன் பிடிக்க வேண்டுமானால் அதற்கென்று செய்த மெஷினை வாங்கு. கேட்டவர் பல நூறு டாலர் விலை ஒட்டிய பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போவார்.

அனுபவசாலி பொய் சொல்லவில்லை. கருகிய டிரில் உண்டு, படுத்த பேட்டரி உண்டு, சுளுக்கிய மணிக்கட்டும் உண்டு. ஆனால் அவை நேர்ந்ததற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. பொருந்தாத ஆகர், மாற்றிப் போட்ட கியர், சின்ன பேட்டரி, மழுங்கிய பிளேடு ஆகியவை செய்த குற்றத்துக்கு டிரில் தண்டனை அனுபவிக்கிறது. இவற்றைச் சரிசெய்துகொண்டால், ஏரிமேல் நடந்து போய் மீன் பிடிக்கும் பெரும்பாலோருக்கு டிரில்லைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. காசில்லாதவர் வேறு வழியின்றிச் செய்துகொள்ளும் ஏற்பாடு அல்ல அது. காசு இருப்பவரும் யோசித்துப் பார்த்தால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

ஆகரைப் பார்த்திராதவர்களுக்கு: அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் தண்டு. தண்டைச் சுற்றிச் சுருளாக ஒரு தகடு, அடியில் இரண்டு பிளேடுகள். சுழலும்போது பிளேடு ஐஸைச் சீவும். சுருள் தகடு அந்தச் சீவலை மேலே தள்ளும். எந்த ஆகரானாலும் வேலை இதுதான். சுழற்றுவது கையா, பெட்ரோல் எஞ்சினா, அதற்கென்றே செய்த பேட்டரி மோட்டாரா, டிரில்லா என்பதில்தான் சச்சரவு. ஸ்வீடனின் மோரா, ஃபின்லாந்தின் நில்ஸ் போன்ற கை ஆகர்கள் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. அமெரிக்காவின் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் பெட்ரோல் ஆகர்கள் கோலோச்சின. டிரில் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது. முதலில் ஆட்கள் கை ஆகரின் பிடியைக் கழற்றிவிட்டு ஓர் இணைப்புத் துண்டு போட்டு டிரில்லில் மாட்டினார்கள். பிறகு கம்பெனிகளே டிரில்லுக்கென்று எடை குறைந்த ஆகர்களைச் செய்ய ஆரம்பித்தன. பெட்ரோல் ஆகர் விற்றுப் பெயர் வாங்கிய எஸ்கிமோ இன்று பிஸ்டல் பிட் விற்கிறது. ஸ்ட்ரைக்மாஸ்டர் லைட்-ஃபிளைட் விற்கிறது. டிரில்லால் ஆகாது என்பவர் இதையாவது கவனிக்க வேண்டும். அந்த மெஷின்களைச் செய்தவர்களே அவர் பக்கத்தில் முழுதாக நிற்கவில்லை.

மோட்டார் கருகும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் நம்புவது அதைத்தான். கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. தடிப்புள்ள ஐஸில் 6 அங்குலத் துளை போட்டால் வெளியே வருவது ஏறக்குறைய 10 கிலோ ஐஸ். அதே தடிப்பில் 8 அங்குலத் துளைக்கு 18 கிலோ. 10 அங்குலத்துக்கு 28 கிலோ. விட்டம் கொஞ்சம் கூடினாலும் வேலை அதன் வர்க்கத்தில் கூடுகிறது. டிரில் கொடுக்க வேண்டிய முறுக்கு விசையும் கிட்டத்தட்ட அப்படியே ஏறுகிறது. பெட்ரோல் மெஷினிலிருந்து கழற்றிய 10 அங்குல இரும்பு ஆகரை டிரில்லில் மாட்டிவிட்டு, டிரில் தாங்கவில்லை என்று சொல்பவர் டிரில்லைச் சோதிக்கவில்லை. அந்த ஆகரின் எடையையே வேறொரு எஞ்சினுக்காக அளந்து செய்திருந்தார்கள். மஞ்சள் பெர்ச்சுக்கு 6 அங்குலம் தாராளம். சிம்கோ ஏரியில் வெள்ளைமீனுக்கும் லேக் டிரவுட்டுக்கும் 8 அங்குலம் போதும்.

அடுத்தது கியர். நல்ல டிரில்லின் தலையில் 1, 2 என்று ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். 1-இல் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, முறுக்கு விசை அதிகம். 2-இல் சுமார் 2,000 சுற்று, முறுக்கு குறைவு. வேகமாகச் சுழன்றால் வேகமாகத் துளை விழும் என்று நினைத்து 2-இல் போடுபவர்கள்தான் மோட்டாரைக் கருக்குகிறார்கள். பாரம் ஏற ஏற மோட்டார் திணறி மெதுவாகும், மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு: மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன விசிறி மோட்டாரின் அச்சிலேயே இருக்கிறது. மோட்டார் திணறும்போது விசிறியும் திணறும். சூடு உச்சத்துக்குப் போகிற அதே நேரத்தில் காற்று நின்றுபோகிறது. 1-ஆம் கியரில் அதே துளையைப் போட்டால் மோட்டார் தன் இயல்பான வேகத்தில் ஓடும், விசிறி ஓடும், வெளியே இருப்பதோ மைனஸ் 10 டிகிரிக் காற்று.

பிரஷ் உள்ள பழைய மோட்டார்களுக்கு இந்தப் பயம் ஓரளவு நியாயம். கருகிய டிரில் கதைகளில் கணிசமானவை அந்தக் காலத்தவை. இன்றைய பிரஷ்லெஸ் டிரில்லில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஓர் எலக்ட்ரானிக் பலகை. அளவு மீறினால் அதுவே நிறுத்திவிடும். அப்படி நின்றுபோவதைப் பலர் பழுது என்று எண்ணித் திட்டுகிறார்கள். கருவி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். இதே டிரில்லில் 65 மி.மீ. பிட்டை மாட்டிக்கொண்டு வீட்டுச் சட்டங்களில் குழாய்க்கும் வயருக்கும் துளை போட்டபடியே நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள் பிளம்பர்கள். மரம் அப்படிப் படுத்துகிற டிரில்லை ஐஸ் என்ன செய்துவிடும்? கூரான பிளேடு ஐஸைச் சீவும்போது டிரில்லை அழுத்த வேண்டியதே இல்லை. ஆகர் தானாக இறங்கும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் பிளேடு மழுங்கியிருக்கிறது. கரையோரம் மணல் கலந்த ஐஸில் ஒரு முறை போட்டாலே போதும், முனை போய்விடும். மழுங்கிய பிளேடோடு எந்த மெஷினும் திணறும். பெட்ரோல் மெஷின் கூச்சலோடு திணறுவதால் அது பாடுபடுகிறது என்கிறோம், டிரில் சத்தமில்லாமல் நின்றுவிடுவதால் அதற்கு வலு இல்லை என்கிறோம்.

இனி பேட்டரி. அனுபவசாலிகளின் வாதங்களில் ஓரளவு உண்மையை வைத்துக்கொண்டு மிகத் தவறான முடிவுக்குப் போவது இதுதான். லித்தியம்-அயன் பேட்டரிக்குக் குளிர் ஆகாது என்பது சரி. குளிரில் உள்ளே ரசாயனம் மந்தமாகும், உள்தடை ஏறும், பாரம் விழுந்ததும் வோல்டேஜ் சரியும், சரிந்ததும் பாதுகாப்புப் பலகை துண்டித்துவிடும். எந்தப் பேட்டரியில் இது நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

18 வோல்ட் டிரில் பேட்டரி ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது? விரல் பருமனில் உருளை உருளையாகச் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18. கடையில் டிரில்லோடு சேர்த்துக் கொடுக்கும் 2 ஆம்பியர்-மணி சின்னப் பேட்டரியில் இருப்பது அந்த ஐந்தே செல்கள், ஒரே வரிசை. வழக்கமான 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து செல்கள், இணையாக இரண்டு வரிசை. 12 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பதினைந்து, மூன்று வரிசை, செல்லும் தடிமனானது. ஆகர் ஐஸைச் சீவும்போது 30 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பேட்டரியில் அந்த 30-உம் ஒவ்வொரு செல்லின் தலையிலும் முழுதாக விழும். இரண்டு வரிசையில் ஆளுக்கு 15. மூன்று வரிசையில் ஆளுக்கு 10. குளிரில் உள்தடை ஏறிய செல்லுக்கு 30 ஆம்பியர் என்பது தாளாத பாரம். நொடியில் வோல்டேஜ் சரிந்து அணைந்துவிடும். 10 ஆம்பியரை அதே செல் அதே குளிரில் பெரிய சிரமமில்லாமல் தரும். "பேட்டரி குளிரில் படுத்துவிட்டது" என்று சொல்பவரிடம் என்ன பேட்டரி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் காட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் பெட்டியாகத்தான் இருக்கும்.

மிச்சமுள்ள குளிர்ப் பிரச்சினைக்கு மருந்து மேல்கோட்டின் உள்பை. துளை போடும்போது மாட்டு, போட்டு முடிந்ததும் கழற்றி உள்ளே வை. உடம்புச் சூடு போதும். பேட்டரி உழைக்கும்போது தானும் சூடாகிறது, அதனால் முதல் துளையைவிட மூன்றாவது துளை சுலபமாக விழுவதும் உண்டு. ஒன்றே ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தக் கேடு திரும்பச் சரியாகாது. வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறிய பிறகே சார்ஜ். குளிரில் பேட்டரியின் ஆயுளே போய்விடுகிறது என்ற புகாரில் இந்தத் தவறுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

டிரில்லைக் குறை சொல்லிவிட்டு, 40 வோல்ட் பேட்டரி ஆகர் வாங்கு என்று பரிந்துரைப்பவரின் வாதம் எனக்கு விளங்கவே இல்லை. அதன் உள்ளே இருப்பதும் லித்தியம்-அயன் செல்தான். 40 என்பது முழு சார்ஜில் காட்டும் உச்சம். வேலை செய்யும்போது 36. 5 ஆம்பியர்-மணியோடு பெருக்கினால் 180 வாட்-மணி. 18 வோல்ட் 12 ஆம்பியர்-மணிப் பேட்டரியைப் பெருக்கினால் 216. குளிர் இரண்டையும் ஒரே மாதிரிதான் பிடிக்கும். ஆனால் 40 வோல்ட் பேட்டரி மார்ச் மாதம் ஏரி இளகியதும் அடுத்த டிசம்பர் வரை அலமாரியில் கிடந்து கெடும். டிரில் பேட்டரி கோடையில் வேலி போடவும் மேசை பூட்டவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோலில் சக்தி அதிகம் என்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9,000 வாட்-மணி அடங்கியிருக்கிறது, 5 ஆம்பியர்-மணிப் பேட்டரியைப்போல நூறு மடங்கு. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நூறு மடங்கு யாருக்கு வேண்டும்? ஒன்டாரியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் ஐஸ் மீன்பிடிப்புக்கு ஒருவருக்கு இரண்டு தூண்டில்தான் அனுமதி. மீனைத் தேடி இடம் மாற்றி மாற்றித் துளை போட்டாலும் ஒரு மனிதர் ஒரு பகலில் போடுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 30 செ.மீ. ஐஸில் 6 அங்குலத் துளைகள் என்றால், உள்பையில் வைத்த ஒரு நல்ல 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி அந்த எல்லையைத் தாண்டியும் மிஞ்சும். அந்த மிதமிஞ்சிய சக்திக்காக ஏரியில் நாம் தருகிற விலையைப் பார்ப்போம். 10 கிலோவுக்கு மேல் எடை. ஆயிலைச் சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல் கேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததால் கார்புரேட்டரில் பிசின் கட்டி, விடியற்காலைக் குளிரில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பது. காருக்குள் பெட்ரோல் வாடை, அதே வாடை கையில், கையிலிருந்து இரையில். கார்பன் மோனாக்சைடு இருப்பதால் கூடாரத்துக்குள் அதை ஓட்டவே கூடாது; ஆகவே காற்று வீசும்போது வெளியே துளை போட்டுவிட்டுத்தான் கூடாரத்தை இழுத்து மேலே வைக்க வேண்டும். டிரில் என்றால் கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடியே இன்னொரு துளை போட்டுக்கொள்ளலாம்.

டொராண்டோவில் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களை இங்கே நினைக்கிறேன். நம்மவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், ஸ்காபரோவிலிருந்து சிம்கோ ஏரி ஒரு மணி நேர ஓட்டம்தான். பதினான்காவது மாடியில் பெட்ரோல் கேனை எங்கே வைப்பது? பால்கனியிலா? ஆயில் ஒழுகும் எஞ்சினை லிஃப்டில் ஏற்றி வரவேற்பறை மூலையில் சாத்தி வைப்பதா? ஐஸ் மீன்பிடிப்பு என்றாலே சொந்த வீடு, கராஜ், பிக்கப் டிரக், ஸ்னோமொபைல் எல்லாம் வேண்டும் என்ற எண்ணத்தை இந்த "அதற்கென்ற மெஷின்" பேச்சு வளர்த்துவிட்டிருக்கிறது. என் கோபம் அதன் மேல்தான். டிரில்லும் ஆகரும் ஒரு சின்னக் காரின் பின்சீட்டில் போகும். பிளாஸ்டிக் சுருள் உள்ள ஆகர் இரண்டு, இரண்டரைக் கிலோ. டிரில் பேட்டரியோடு இன்னும் மூன்று கிலோவுக்குள். மீன் பிடிக்க வந்தவர் எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை முறை இடம் மாற்ற மனம் வரும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த எடைதான்.

மணிக்கட்டு விஷயத்தில் நான் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் நியாயமானது. உயர்ந்த ரக 18 வோல்ட் டிரில்கள் இன்று 150 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கு விசை தருகின்றன. பிளேடு சடாரென்று சிக்கினால் ஆகர் நிற்கும், டிரில் சுற்றும். பக்கவாட்டுப் பிடி 25 செ.மீ. நீளம் என்றால், அதைப் பிடித்த கை அந்த நொடியில் தாங்க வேண்டியது 600 நியூட்டன், அதாவது 60 கிலோ. பக்கவாட்டுப் பிடி இல்லாமல் துப்பாக்கிபோல ஒரு கையால் பிடித்திருந்தால் அந்த முறுக்கு முழுக்க மணிக்கட்டுக்குத்தான். பக்கவாட்டுப் பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஏரிக்கு வருகிறவர் பலர். அவர்களுக்கு ஆகும் காயத்தைக் கருவியின் குறையாகக் கணக்கெழுதுகிறோம்.

சிக்கல் எங்கே நேர்கிறது என்று உற்றுக் கவனித்தால் அது துளையின் நடுவில் அல்ல, கடைசி இரண்டு செ.மீ.யில். பிளேடு ஐஸின் அடிப்பக்கத்தை உடைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கும் நொடியில் ஒரு பக்கம் பிடிமானம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. விளிம்பில் மிச்சமிருக்கும் பிறைத்துண்டு ஐஸைப் பிளேடு சீவாமல் கொக்கிபோலக் கவ்வும். ஆகரின் சத்தம் மாறும். சீவல் வெள்ளைத் தூளாக வருவது நின்று ஈரமாகும். துளையில் நீர் ஏறும். இந்த அடையாளங்கள் தெரிந்ததும் விசையைத் தளர்த்தி, ஆகரைச் சற்றே மேலே தூக்கிப் பிடித்து, அதன் எடை பிளேடில் விழாதபடி இறக்கினால் விளிம்பு மெல்லச் சீவிப் போய்விடும். இரண்டாவது அபாயம் பழைய துளை. முந்தின நாள் போட்டு மேலே உறைந்துபோன துளையில் தட்டைப் பிளேடு ஆகரை விட்டால் ஓரத்தைக் கவ்வித் திருகும். பல் வைத்த பிளேடு அதையே நொறுக்கிக்கொண்டு போகும். தட்டைப் பிளேடு வைத்திருப்பவர் பக்கத்தில் புதுத் துளை போட்டுக்கொள்வதே நல்லது.

இந்த அபாயங்கள் பெட்ரோல் மெஷினுக்கும் பொது. பிளேடு கவ்வினால் எஞ்சினும் ஆளைச் சுற்றத்தான் பார்க்கும். அங்கே ஆளைக் காப்பது எஞ்சினின் பரிவு அல்ல, இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள அகலமான பிடி. அந்த அகலத்தை டிரில்லுக்கும் தரலாம். கிளாம் கம்பெனியின் டிரில் பிளேட் போன்றவை இதற்காகவே வந்தவை: டிரில்லை ஒரு தகட்டில் இறுக்கிவிட்டு இரண்டு பக்கமும் கைப்பிடி. பிடிகளுக்கு நடுவே 60 செ.மீ. இருந்தால் அதே 150 நியூட்டன்-மீட்டருக்கு ஒவ்வொரு கையும் தாங்குவது 25 கிலோதான். விசையையும் தகட்டிலிருந்தே அழுத்தலாம். போதாததற்குப் புதிய டிரில்கள் பலவற்றில் உடம்பு திடீரென்று சுற்றுவதை உணர்ந்து மோட்டாரைத் துண்டிக்கும் வசதியும் இருக்கிறது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினில் அப்படி ஒன்று கிடையாது.

ஆகர் கழன்று ஏரிக்குள் போய்விடும் என்றும் சொல்வார்கள். போகும்தான். டிரில்லின் வாயில் உள்ள மூன்று தாடைகளும் ஆகர் தண்டின் தட்டைப் பக்கங்களில் சரியாக உட்காராவிட்டால் அதிர்வில் தளரும். சீவலை உதறுவதற்காகப் பின்பக்கமாகச் சுழற்றினால் இன்னும் சீக்கிரம் தளரும். துளையைவிடப் பெரிய வட்டத் தகடு ஒன்றை ஆகரின் தலையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. கழன்றாலும் துளையின் வாயில் தங்கிவிடும். டிரில்லுக்கென்றே செய்யும் ஆகர்களில் பெரும்பாலும் அது கூடவே வருகிறது.

டிரில் எல்லா இடத்துக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. மானிடோபாவின் வின்னிபெக் ஏரியில் குளிர்காலக் கடைசியில் ஐஸ் ஒரு மீட்டரைத் தொடும். அங்கே 10 அங்குலத் துளைகளை விடியலிலிருந்து இருட்டும்வரை வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக்கொடுத்துப் பிழைக்கும் வழிகாட்டிகளுக்குப் பெரிய மெஷின் தேவை. அவர்கள் அதை ஸ்லெட்டில் இழுத்துப் போகிறார்கள், தினமும் ஓட்டுகிறார்கள், போட்ட காசை எடுக்கிறார்கள். தவறு அவர்கள் மெஷின் வைத்திருப்பதில் இல்லை. அவர்களுடைய தேவையை அளவுகோலாக வைத்து, ஆண்டில் சில சனி ஞாயிறு மட்டும் பெர்ச் பிடிக்க வரும் மனிதரை அளப்பதில் இருக்கிறது. மறுபக்கத்தில், கை ஆகரே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மெல்லிய ஐஸில் கூரான மோராவுக்கு நிகர் இல்லை. அதை வைத்திருப்பவர் இணைப்புத் துண்டு வாங்கி டிரில்லில் ஓட்டலாம். கைப்பிடியையும் பையில் போட்டுக்கொண்டால் பேட்டரி தீர்ந்த பிறகும் துளை போடலாம். எஞ்சின் நின்றுபோனால் தோளை எஞ்சினாக்கிக்கொள்ளும் வசதி வேறெந்த மெஷினில் உண்டு?

இனிக் குளிர்காலமே மாறி வருவதைப் பேச வேண்டும். 2023-24 குளிர்காலம் கனடாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. ஐஸ் உச்சத்தில் இருக்க வேண்டிய பிப்ரவரி நடுவில் பேரேரிகளின் பரப்பில் மூன்று சதவீதத்தைக்கூட ஐஸ் மூடவில்லை. அதே குளிர்காலம், 2023 டிசம்பர் 29 அன்று, மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் கரையோடு தொடர்பு அறுந்த ஐஸ் பாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டார்கள். ஏரி முழுக்க ஒரே தடிப்பாக உறைந்து, டிரக்கே ஓடும் என்ற பழைய கணக்கு தெற்கு ஒன்டாரியோவில் பல ஆண்டுகளில் இனிச் செல்லாது. ஸ்னோமொபைலைத் தாங்காத ஐஸ், நடப்பவரை மட்டும் தாங்கும் ஐஸ், அதுவும் சில வாரங்களுக்கு: பருவம் இப்படிச் சுருங்கும்போது கையில் தூக்கிப் போகக்கூடியதுதான் கருவி.

அதைவிடப் பெரிய விஷயம் உயிர். தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்கிறது மினசோட்டா இயற்கை வளத் துறை; கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 செ.மீ. என்கிறது. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரையில் ஒரு துளை போட்டு அளந்துவிட்டு, அதே தடிப்புதான் போகிற வழியெல்லாம் என்று நம்பி நடப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 12 கிலோ மெஷினை இறக்கி, கயிறு இழுத்து, கிளப்பி, துளை போட்டு, அணைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பதை ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை எந்த மனிதரும் செய்ய மாட்டார். ஆனால் அப்படி அளந்தே ஆக வேண்டும்: நீரோட்டம் உள்ள இடம், ஆறு கலக்கும் வாய், ஐஸ் வெடித்து மறுபடி உறைந்த கோடு, இவற்றில் சில அடிகளுக்குள்ளேயே தடிப்பு பாதியாகக் குறையலாம்.

நடக்கும்போது முன்னால் குத்திப் பார்க்கும் உளிக்கம்பி போதாதா என்று கேட்பார்கள். கம்பி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பருவத் தொடக்கத்தில் ஐஸில் கால் வைக்கக் கூடாது. ஆனால் கம்பி உடைக்காத இடத்தில் ஐஸ் 12 செ.மீ.யா 25 செ.மீ.யா, அதில் எத்தனை செ.மீ. வெள்ளை என்று தெரிய வேண்டுமானால் துளை வழியாக அளவுநாடாவை விட்டு அடிவிளிம்பில் கொக்கி மாட்டித்தான் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு மினசோட்டா இயற்கை வளத் துறையே உளி, ஆகர் இரண்டோடும் சேர்த்துச் சொல்லும் கருவி பேட்டரி டிரில். 16 மி.மீ. பருமனில் நீளமான மரவேலை பிட் ஒன்றை மாட்டினால் 8 அங்குல ஐஸை அரை நிமிடத்துக்குள் துளைத்துவிடலாம் என்கிறது அத்துறை. அப்படியானால் டிரில் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்க வேண்டிய பொருள். வழி நெடுகச் சின்ன பிட்டால் தடிப்பை அளந்துகொண்டே போய், மீன் இருக்கும் இடம் வந்ததும் பிட்டைக் கழற்றி ஆகரை மாட்டுங்கள், 1-ஆம் கியரில்.